நஞ்சைத் தொலைத்த பாசி

எங்கள் ஏரிப் பாசியில் விஷம் இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. எங்கள் ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாசியில், விஷம் செய்வதற்கான மரபணு பாதி காணாமல் போயிருக்கிறது என்றுதான் எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்கும் தெரியும். உத்திரமேரூரில் சாலவாக்கம் பஸ் ஏறினால் அந்த வித்தியாசம் வழியிலேயே கரைந்துவிடும். எங்கள் காலனியில் இறங்கும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்தக் கட்டுரை வந்தபோது ஒரு நாளிதழில் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டார்கள். தலைப்பு வைத்தவருக்கு இடம் குறைவாக இருந்திருக்க வேண்டும். 'கிராமத்து ஏரிப் பாசியில் நஞ்சில்லை' என்று முடித்துவிட்டார். தம்பி அதைக் கத்தரித்து, லேமினேட் செய்து, கூடத்துச் சுவரில் மாட்டினான். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

"அது அப்படி இல்லடா" என்று ஆரம்பிப்பேன்.

"சரிக்கா, சாப்புடு" என்பான்.

பாசி படிக்க வேண்டும் என்று முடிவு செய்து நான் படிக்கவில்லை. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, தாவரவியல் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் கல்லூரி. முதல் வருடம் ஒரு செய்முறை வகுப்புக்கு அவரவர் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார்கள். நான் எங்கள் ஏரித் தண்ணீரைக் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, பச்சை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பாகச் சின்னப் புள்ளிகள். அவை காற்றுப் பைகள், அவற்றால்தான் அது மேலே மிதக்கிறது என்று பேராசிரியர் சொன்னார். எனக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. மேலே மூடிய மெல்லிய கண்ணாடிச் சில்லை உடைத்துவிடப் போகிறோம், உடைத்தால் என்ன சொல்வார்கள் என்ற பயத்திலேயே அந்த வகுப்பு முழுவதும் போனது.

இந்தப் பயம் என்னுடைய சுபாவம். படிப்பு, வேலை எல்லாவற்றிலும் கூடவே வந்தது. உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயம். கடைசி பஸ் போய்விடுமோ என்று பயம். முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, வளர்த்த பாசியெல்லாம் மின்வெட்டில் செத்துவிடுமோ என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் வழிகாட்டி, "நீ இல்லாவிட்டாலும் அது வளரும்மா" என்று சிரிப்பார். எனக்கு நம்பிக்கை வராது.

நான் வேலை செய்தது நீலப்பச்சைப் பாசியில். கறாராகச் சொன்னால் அது பாசியே இல்லை, பாக்டீரியா. ஆனால் உலகத்திலுள்ள எல்லாச் செடியின் பச்சையும் அதன் வம்சத்திலிருந்து வந்ததுதான். எப்போதோ ஒரு செல் அதை விழுங்கியது, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. நெல்லின் பச்சை அந்த வழியில் வந்த பச்சை. இதை முதன்முதலில் படித்த அன்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவள். அவளிடம் சொன்னேன். "பாசி தான் நெல்லாச்சா? அப்ப களை எடுக்கறப்போ இன்னாத்துக்குப் பாசிய வாரிப் போடறோம்?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

இந்தப் பாசியில் சில வகை, ஈரலைத் தாக்கும் ஒரு விஷத்தைச் செய்யும். அதற்கான மரபணுக்கள் வரிசையாக ஒரு கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டம் மிகப் பழையது. ஆடும் மாடும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பிறகு பாசியின் கிளைகள் ஒவ்வொன்றாக அதைத் தொலைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. ஏன் சில தொலைத்தன, சில இன்னும் வைத்திருக்கின்றன என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியோடு ஒரு குளிர் நாட்டுக்குப் போய்ச் சில வருடம் இருந்தேன். அங்கே ஏரிக்கரையில் கோடைகாலத்தில் பலகை வைத்துவிடுவார்கள்: தண்ணீர் பச்சையாக இருந்தால் இறங்காதீர்கள், நாயை விடாதீர்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏரியின் ஞாபகம் வரும்.

திரும்பி வந்து, சென்னைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்ததும் முதலில் செய்த வேலை, எங்கள் ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து, அதில் ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதைப் பெருக்கி, அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தது. நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லை. விஷம் செய்யும் வரிசையின் இரண்டு முனையும் இருந்தன, நடு இல்லை. கட்டுரை நல்ல இதழில் வந்தது. பெட்டிச் செய்தி வந்தது. தம்பி லேமினேட் செய்தான்.

அதற்குச் சில வருடம் கழித்துத்தான் இது நடந்தது.

எங்கள் பக்கத்தில் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி என்று பெயர். மீன்பாசி ஏலம் என்றால் ஊர்க்காரர்கள் எடுப்பார்கள், காலனிக்காரர்கள் கூலிக்கு வலை இழுப்பார்கள். அதுதான் வழக்கமாக இருந்தது. அந்த வருடம் தம்பியும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து ஏலம் எடுத்தார்கள். காலனியிலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை. கட்லாவும் ரோகுவும் குஞ்சு விட்டார்கள். ஜிலேபி மீன் தானாகவே கிடந்தது. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தது. தம்பி தொலைபேசியில் பேசும்போது குரலே மாறியிருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டான்.

"அக்கா, ஏரி ஒரு மாரி கீது. பச்ச பெயிண்ட் ஊத்தனா மாரி. வாட்சப்ல அனுப்சிக்கிறன், பாரு."

பார்த்தேன். மேற்குப் பக்கம், தண்ணீர் ஆழமில்லாத இடத்தில், கரையோரமாகக் கெட்டியான பச்சைப் படலம். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"மீன் மேல வந்து வாயப் பொளக்குதா?"

"இல்ல. அதெல்லாம் நல்லா கீது."

"யாரும் தண்ணியில எறங்கலியே?"

"பசங்க குளிச்சிக்கினு கீறானுங்க. இன்னாக்கா இப்போ? நீதானே சொன்ன, நம்ம ஏரி பாசில விஷம் இல்லன்னு."

அவனிடம் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டாள். சின்னம்மாவின் ஆடு மூன்று செத்துவிட்டன. ஏரியின் மேல்புறத்தில், அந்த மேற்குக் கரையில் மேய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பட்டியிலேயே விழுந்துவிட்டனவாம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. புருஷன் இல்லை. ஆடுதான் அவளுக்கு எல்லாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி வண்டியோடு நின்றிருந்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று மாட்டு டாக்டருக்கே தெரியவில்லை. பக்கத்து மணிலா கொல்லையில், கடலைச் செடிக்கு முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள், ஆடு அதில் வாய் வைத்திருக்கும், அதுதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"ஈரல எடுத்து வெச்சாரா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு கேட்டா? பொதச்சிட்டாங்க."

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை வேகம் குறைத்தான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "எக்கா. அடுத்த வாரம் வலை போடறோம். காஞ்சிபுரத்துல வியாபாரிகிட்ட பேசிட்டம். அதுக்குள்ள நீ ஏதாவது சொல்லிட்டினா அவ்ளோதான்."

"நான் இன்னும் தண்ணியவே பாக்கலடா."

"அதான் சொல்றன். பாத்துட்டு எங்கிட்ட மட்டும் சொல்லு."

ஏரியை நெருங்கும்போதே வாடை வந்தது. வைக்கோல் மக்கின வாடை மாதிரி, அதோடு வேறு ஏதோ. பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும். அது பாசியையெல்லாம் மேற்குக் கரைக்குத் தள்ளிக் குவித்திருந்தது. ஆடுகள் தண்ணீர் குடிக்கும் இடம் அதுதான். கிழக்கே, கரை ஓரமாக, மதகுப் பக்கத்தில் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தது. அங்கே பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு நான் பாட்டிலை முக்கியதை அவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கையுறை போட்டது தப்போ என்று நினைத்தேன். கழற்றுவதும் தப்பாக இருந்தது.

சின்னம்மா மேல்புறத்திலேயே வந்து நின்றாள். மீதி ஆடுகளைக் கயிற்றில் பிடித்திருந்தாள். தண்ணீருக்குப் போக அவை இழுத்தன, அவள் விடவில்லை.

"இன்னா பாப்பா, இதுதான் கொன்னுதா?"

"தெரியல சின்னம்மா. பாக்கணும்."

"எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாள் ஆவும்."

"அதுவரைக்கும் இதுங்களுக்குத் தண்ணி?"

"குழாயில புடிச்சி வை. இங்க விடாத."

"குழாயில நமக்கே ஒரு வேள தான் வருது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். தம்பி எட்டிப் போய் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்தது என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் இல்லை. என்னிடம் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன், வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து மரபணுவைப் பிரித்து, விஷ வரிசையின் நடுப்பகுதியை மட்டும் தேடும் சோதனையைப் போட்டோம். பழைய பாசியில் இல்லாமல் போன அதே பகுதி. இத்தனை வருடம் நான் அந்தப் பகுதி இல்லாததைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடும் நேரம் முழுவதும் காலி வர வேண்டும், காலி வர வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவாக இருந்தால் மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டிருப்பாள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேம், இருக்கு. மேற்குப் பக்கத்து சாம்பிள் எல்லாத்துலயும் இருக்கு. மதகுப் பக்கமும் லேசா இருக்கு."

மரபணு இருந்தால் விஷம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது வேலை செய்யாமல் சும்மாவும் இருக்கலாம். விஷத்தை அளப்பது வேதியியல் வேலை. அதற்கு வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். அனுப்பினேன். அவசரம் என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது.

அந்தச் சில நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு பயம் நின்றது. சொன்னால், சொன்ன பிறகு சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், தம்பியையும் அவன் கூட்டாளிகளையும் வீணாக அழித்தவளாவேன். காலனிக்காரன் எடுத்தான், முதல் வருடமே மண்ணைக் கவ்வினான் என்று ஊர் பேசும். சொல்லாவிட்டால், குளிக்கிற பிள்ளைகள். விஷம் வேகவைத்தாலும் போகாது, குழம்பு கொதித்தாலும் அப்படியே இருக்கும். ஜிலேபி இந்தப் பாசியைத் தின்னும், அதன் குடலிலும் ஈரலிலும் அது சேரும். இன்னொரு பயம் யாருக்கும் தெரியாது. மீனைப் பிடிக்காமல் விட்டாலும் ஆபத்து. பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரில் காற்று தீர்ந்துவிடும், விடிவதற்குள் மீனெல்லாம் வெள்ளையாக மிதக்கும். பொறுத்திரு என்று நான் சொல்லி அப்படி நடந்தால்?

செவ்வாய்க்கிழமை தம்பியைக் கூப்பிட்டேன். மரபணு இருக்கிறது என்றேன்.

"விஷம் கீதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா இன்னாக்கா? இதுக்கா இத்தினி வருசம் படிச்ச?"

"அளந்து சொல்ல நாளாவும். அதுவரைக்கும் வலை போடாத. பசங்கள எறங்க வுடாத. நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்டா."

வைத்துவிட்டான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏரிக்கரை அரசமரத்தடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஊராட்சித் தலைவரை முன்பே கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன், அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பல ஊர்களில் மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். அங்கே பேசும்போது வந்த பயம் வேறு எங்கும் வந்ததில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு நான் இன்னாருடைய மகள், அவ்வளவுதான். தண்ணீரில் விஷம் செய்யக்கூடிய பாசி வளர்ந்திருக்கிறது, இப்போது செய்கிறதா என்று தெரியாது, முடிவு வரும்வரை யாரும் குளிக்க வேண்டாம், ஆடு மாட்டை விட வேண்டாம், மீன் சாப்பிட வேண்டாம் என்றேன்.

ஊர்க்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி, சிரித்துக்கொண்டே கேட்டார்: "இத்தினி வருசமா நாங்க ஏலம் எடுத்தம். அப்பல்லாம் வராத விஷம் இவனுங்க எடுத்ததும் வந்துட்ச்சா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு தம்பியின் பக்கம் போகிறது என்று எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. தம்பியின் கூட்டாளி ஒருவன் என் முன்னால் வந்து நின்றான். சின்ன வயதில் என் மடியில் கிடந்தவன்.

"அக்காவ யாரோ பேச வெச்சிக்கிறாங்க" என்றான், என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி.

"டேய்" என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான். ஆனால் கூட்டாளி தள்ளிப் போய்விட்டான். தம்பி என் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வலை போடல. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் போடல" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் காலையில் கண் விழித்ததும், மீன் மிதந்திருக்குமோ என்றுதான் முதல் நினைப்பு வரும். அம்மாவைக் கூப்பிடுவேன். "ஏரிய பாத்தியா?" "பாத்தேன். அப்டியே கீது." அப்புறம் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். மேல்புறத்தில் கொஞ்சம் ஜிலேபி செத்து ஒதுங்கியிருக்கிறது. அதிகமில்லை, ஆனால் வாடை அடிக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது. நல்ல தண்ணீரில் விட்டால் மீனின் உடம்பிலிருந்து விஷம் சிறிது சிறிதாக வெளியேறும். எல்லா மீனையும் காப்பாற்ற முடியாது. உயிரோடு பிடித்து, வேறு தண்ணீரில் கொஞ்ச நாள் வைத்து, பிறகு சோதித்து விற்கலாம். தம்பியை நேரே கூப்பிட்டால் எடுக்க மாட்டான் என்று அம்மாவைக் கூப்பிட்டு, போனை அவன் கையில் கொடுக்கச் சொன்னேன்.

"எங்க வுடறது? உன் வூட்டு பாத்ரூம்லயா?" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை.

காலனிக்கு அந்தண்டை செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தன் போரிலிருந்து தண்ணீர் விட ஒப்புக்கொண்டார். முதலில் பிடிக்கும் விராலில் தனக்கு வேண்டியதைத் தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. மோட்டார் இரவு பகலாக ஓடியது. பள்ளம் நிரம்பியதும் ஏரியின் கிழக்குப் பக்கத்தில், ஆழத்தில், அதிகாலையில் வலை போட்டார்கள். பிளாஸ்டிக் டிரம்களில் மீனைப் போட்டு டிராக்டரில் கொண்டுவந்து விட்டார்கள். கட்லா நிறையச் செத்தது. விராலும் கெளுத்தியும் பிழைத்தன. ஜிலேபியும் பெரும்பாலும் பிழைத்தது. செத்ததையெல்லாம் புதைக்கச் சொன்னேன். கூட்டாளிகள் புதைத்தார்கள், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல்.

சோதனை முடிவு வந்தது. விஷம் இருந்தது. மேற்குக் கரையில் மிக அதிகம், கிழக்கே கொஞ்சம். அதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அப்பாடா, இருக்கிறது. உடனே அதற்காக வெட்கப்பட்டேன். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "பசங்க யாருக்காவது ஏதாவது ஆவுமா?" என்று கேட்டான். அவனுடைய பிள்ளையும் அந்தப் பக்கம் குளித்திருந்தான் என்று அப்போதுதான் சொன்னான். தோலில் அரிப்பு வந்து போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லையை நான் மறுபடி மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சின்னம்மா ஒரு நாள் கேட்டாள்: "அப்ப என் ஆட்ட பாசிதான் கொன்னுது. இல்ல?"

"இருக்கலாம் சின்னம்மா. மருந்தாவும் இருக்கலாம். ஈரல் இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இன்னும் தெரியலியா உனுக்கு?" என்று அவள் கேட்டாள். தெரியவில்லைதான். இன்றுவரை தெரியாது.

இதற்கிடையில் நாங்கள் புதிய பாசியின் மரபணுத் தொகுதியையும் படித்தோம். நடுப்பகுதி முழுதாக இருந்தது, ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. அதே தண்ணீரில் என்னுடைய பழைய பாசியும் இருந்தது, நஞ்சைத் தொலைத்தது, தொலைக்காதது இரண்டும் பக்கம்பக்கமாக. பல வருடமாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று நான் பிரித்தெடுத்த ஒரு செல் நஞ்சுள்ளதாக இல்லாமல் நஞ்சைத் தொலைத்ததாக இருந்தது, அவ்வளவுதான். ஊருக்குப் போன ஒரு தடவை, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டிச் செய்தியை நானே கழற்றினேன். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

பள்ளத்து மீனை மூன்று தடவை சோதித்தோம். கடைசித் தடவை சதையில் இருந்த விஷம் சாப்பிடத் தகுந்த அளவுக்குள் வந்துவிட்டது. குடலும் ஈரலும் மட்டும் இன்னும் கொஞ்சம். நன்றாகக் கழித்துச் சுத்தம் செய்தால் போதும் என்று தம்பியிடம் சொன்னேன். காஞ்சிபுரத்து வியாபாரி மறுத்துவிட்டார். ஏரியின் பெயர் கெட்டுவிட்டது. ரோட்டோரமாகவே தார்ப்பாய் விரித்து விற்பது என்று முடிவு செய்தார்கள். நீ வரணும் என்றான் தம்பி. முதல் தடவையாக அவனே கூப்பிட்டான்.

போனேன். டூவீலர்கள் நிற்கும், பார்க்கும், போகும். ஒருவரும் வாங்கவில்லை. ஊர்த் தெருவிலிருந்து ஓர் அம்மா கூடையோடு வந்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீதானே அன்னிக்கு வாணாம்னு சொன்ன பொண்ணு?"

"ஆமாம்மா. இது வேற தண்ணியில வெச்சி சுத்தம் ஆனது. சோதனை பண்ணிட்டம்."

"நீ துன்னுவியா?"

தம்பி என்னைப் பார்த்தான். தம்பி பெண்டாட்டி அடுப்பை மூட்டினாள். ஒரு ஜிலேபியை எடுத்து, வயிற்றைக் கீறிக் குடலை வழித்தெறிந்து, பள்ளத்து மோட்டார் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். உப்பும் மிளகாயும் தடவி எண்ணெயில் போட்டாள். அது பொரிகிற நேரத்துக்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். என்னை யாரோ பேச வைத்திருக்கிறார்கள் என்று அன்று சொன்ன கூட்டாளியும் பின்னால் வந்து நின்றான்.

தட்டில் வாங்கினேன். நாங்கள் சோதித்தது சில மீன்களைத்தான். சோதனைக்கு அரைத்ததோடு அவை தீர்ந்துவிட்டன. என் கையிலிருந்த இந்த மீனை யாரும் சோதிக்கவில்லை. இதே வேலையில் தலை நரைத்தவள் நான், எனக்கு அது தெரியும். சுற்றி நின்ற யாருக்கும் தெரியாது. சூட்டோடு பிய்த்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. முள்ளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தேன்.

அந்த அம்மா நான் முழு மீனையும் முடிக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு தம்பியிடம், "ஜிலேபி வாணாம். அந்த விரால போடு" என்றார்.

அன்று மீன் பாதி விற்றது. மீதியைக் காலனியிலேயே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கூட்டாளி போகும்போது என் பையை வாங்கி வண்டியில் வைத்து, பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டான். நான் இறங்கும்போது, "அடுத்த வருசமும் எடுக்கறோம்க்கா" என்றான்.

அடுத்த வாரம் முழுவதும் அம்மாவைக் கூப்பிட்டு, யாருக்காவது வாந்தி இருக்கிறதா, வயிற்றுவலி இருக்கிறதா, பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"எல்லாரும் நல்லாதான் கீறோம். நீ கேட்டுக்கினே கீறது தான் பேஜாரா கீது. போய் நாஷ்டா துன்னு மொதல்ல" என்றாள்.